ஜைரோகாப்டர் பிளேடு: எதைச் சரிசெய்யலாம், எதைக் கழிக்க வேண்டும்



இலகுரக விமானங்களை ஓட்டுபவர்கள், பராமரிப்பவர்கள், பொறியியல் மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் இங்கே கூடியிருக்கிறீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது ஜைரோகாப்டரின் ரோட்டர் பிளேடு. அதில் அடிபட்டால் அந்த அடியை எப்படி மதிப்பிடுவது, எதைச் சரிசெய்வது, எந்த இடத்தில் கையை எடுத்துவிடுவது என்பதே பேச்சின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் ஒரு பிளேடைக் கழித்துப் போடுவதும் பழுதுபார்ப்பின் ஒரு பகுதிதான். அந்த முடிவை எடுக்கத் தெரியாதவர் மற்ற வேலைகளில் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அவரிடம் ரோட்டரை ஒப்படைக்கக் கூடாது.

ஹெலிகாப்டரில் ரோட்டரைச் சுழற்றுவது எஞ்சின். ஜைரோகாப்டரில் அப்படியில்லை. எஞ்சின் புரொப்பெல்லரைச் சுழற்றி வண்டியை முன்னே தள்ளுகிறது, அவ்வளவுதான். சற்றே பின்சாய்ந்திருக்கும் ரோட்டருக்குள் கீழிருந்து மேலாகப் புகும் காற்றுதான் ரோட்டரைச் சுழல வைக்கிறது. அதனால் நடுவானில் எஞ்சின் நின்றுபோனாலும் ரோட்டர் நிற்பதில்லை. மெல்லச் சரிந்து ஒரு வயல்வெளியில் இறங்கிவிடலாம். ஜைரோகாப்டரை நம்பகமான ஊர்தி என்று சொல்வது இதனால்தான். ஆனால் அந்த நம்பிக்கை முழுவதும் இரண்டு பிளேடுகளின் மேல் நிற்கிறது. எஞ்சின் இல்லாமல் இறங்கலாம். பிளேடு இல்லாமல் இறங்க வழியே இல்லை.

அந்தப் பிளேடு என்ன பாடுபடுகிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் அமரும் இன்றைய ஜைரோகாப்டர்கள் பலவற்றில் ரோட்டரின் குறுக்களவு 8.4 மீட்டரை ஒட்டி இருக்கும். நிமிடத்துக்கு 350 சுற்று என்று வைத்துக்கொண்டால், பிளேடின் நுனி மணிக்குச் சுமார் 550 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த நுனியில் உள்ள ஒவ்வொரு கிராமும் தன் எடையைப் போல் 575 மடங்கு விசையோடு வெளிநோக்கி இழுக்கிறது. ஒரு பக்க நுனியில் 10 கிராம் பெயின்ட் கூடுதலாக ஏறிவிட்டால், ரோட்டர் தலைக்கு அது ஏறக்குறைய 6 கிலோ இழுப்பு. சுற்றுக்குச் சுற்று அந்த இழுப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி அசைக்கும். பிளேடின் எடை 15 கிலோ என்றால், அதன் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் 4 டன்னுக்கும் மேலான இழுப்பைத் தாங்குகின்றன.

நிலையான இழுப்பு மட்டும் என்றால் கவலை குறைவு. ஜைரோகாப்டர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, முன்னோக்கி வீசும் பிளேடின் நுனி காற்றை 650 கிலோமீட்டர் வேகத்தில் சந்திக்கிறது. பின்னோக்கிப் போகும் நுனியோ 450 கிலோமீட்டர் வேகத்தில்தான். இந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்ட ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு மேலெழுந்து தாழ்கிறது, வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் 21,000 முறை. 100 மணி நேரத்தில் 21 லட்சம் முறை.

உலோகச் சோர்வு என்று நாம் சொல்வது இங்கேதான் நுழைகிறது. ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளை ஆராய்ந்து, ஒரே தடவையில் உடைக்க முடியாத சிறிய சுமைகூடத் திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை உடைத்துவிடும் என்று காட்டினார். எஃகுக்கு ஒரு சலுகை உண்டு. சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால், சாதாரணச் சூழலில் எத்தனை கோடி முறை வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. சுமை சிறியதானாலும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு கீறலோ, சொட்டையோ, துருப்பிடித்த புள்ளியோ அந்த எண்ணிக்கையை வேகப்படுத்திவிடும். இன்று நாம் பறக்கவிடும் பிளேடுகளில் பெரும்பகுதி அலுமினியம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தப் பாடத்தை ஜைரோகாப்டர் உலகம் மிகத் தொடக்கத்திலேயே, வலியோடு படித்தது. ஸ்பெயின் நாட்டின் ஹுவான் தே லா சியர்வா முதலில் கட்டிய சுழலிறக்கை விமானங்கள் பறக்க முயலும்போதே பக்கவாட்டில் சாய்ந்தன. ஆனால் பிரம்பில் பிளேடு வைத்துச் செய்த அவருடைய சிறிய மாதிரி நன்றாகப் பறந்தது. பிரம்பு வளைந்துகொடுத்து ஏற்றத்தாழ்வைச் சமன் செய்தது என்று அவர் கண்டுகொண்டார். பெரிய விமானத்தில் பிளேடின் அடியில் ஒரு கீல் வைத்தார். 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே உள்ள ஹெதாஃபேயில் அவருடைய சி.4 பறந்தது. மேலும் கீழும் ஆடுவதற்கு வழி செய்தாகிவிட்டது. ஆனால் சுழலும் தளத்திலேயே முன்னும் பின்னும் இழுபடும் விசை அடிப்பகுதியில் தேங்கி நின்றது. 1927 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹேம்பிளில் ஃபிராங்க் கோர்ட்னி ஓட்டிய சி.6சி-யின் பிளேடு பறக்கும்போதே அடியில் முறிந்தது. கோர்ட்னி காயங்களோடு உயிர் பிழைத்தார். சியர்வா அந்த முறிவை மூடி மறைக்கவில்லை. முறிந்த இடத்தில் இரண்டாவது கீலைச் சேர்த்தார். 1928 செப்டம்பர் 18 அன்று அவரே சி.8எல் விமானத்தை ஓட்டி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

அந்த வரலாறு நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இன்றைய இரட்டைப் பிளேடு ரோட்டரில் அந்த இரண்டாவது கீல் கிடையாது. நடுவில் ஒரே போல்ட்டில் தாங்கி நிற்க, இரண்டு பிளேடுகளும் ஒரே துண்டாக ஆடுகின்றன. ரோட்டரை அந்த அச்சுக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டு முன்பின் இழுப்பைக் குறைக்கிறார்கள். மிச்சமிருப்பதை அடிப்பகுதியும், பிளேடுகளை இணைக்கும் ஹப்பும், போல்ட் துளைகளும்தான் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே ரோட்டரைப் பரிசோதிப்பவரின் கண் முதலில் போக வேண்டிய இடமும் அதுதான்.

பிளேடுகள் எப்படி அடிபடுகின்றன? கல் தெறிக்கும், பறவை மோதும், ஆலங்கட்டி விழும். டிரெய்லரில் கொண்டுபோகும்போது சரியான இடத்தில் தாங்கு கொடுக்காவிட்டால் வழியெல்லாம் அதிர்ந்து வளையும். எல்லாவற்றையும்விடக் கொடியது ஓடுபாதையில் நேர்வது. ரோட்டர் போதிய சுற்றுக்கு வருமுன் அவசரப்பட்டு வண்டியை முடுக்கினால், பின்வாங்கும் பிளேடில் காற்றுப் பிடிப்பு அறுந்துபோகும். ரோட்டர் தாறுமாறாக அடித்துக்கொள்ளும். கட்டுப்பாட்டுக் கம்பு கையை உதறும். பிளேடு வாலையோ தரையையோ வெட்டும். சில நொடிகளில் முடிந்துவிடும் இந்த விபத்தில் ஓட்டுநர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். வண்டி நின்ற பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது.

ஆனால் இவ்வளவு பெரிய விபத்தில் முடிவெடுப்பது எளிது. சுழலும் ரோட்டர் எதையாவது வெட்டியிருந்தால் பிளேடு கழிவுதான். ஹப், நடு போல்ட், ரோட்டர் தலையின் பேரிங், கட்டுப்பாட்டுத் தண்டுகள், மாஸ்ட் எல்லாவற்றையும் கழற்றித் தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி சோதிக்க வேண்டும். மாற்றச் சொன்னதை மாற்ற வேண்டும். நம்மைச் சோதிப்பது சிறிய அடி. அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

வண்டியை ஹேங்கருக்குள் தள்ளும்போது பிளேடின் நுனி கதவுத் தூணில் இடித்துவிட்டது. ரோட்டர் சுழலவில்லை. முன்விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சொட்டை. 'இதில் என்ன இருக்கிறது' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதல் வேலை கேள்வி கேட்பது. எந்த வேகத்தில் இடித்தது? எந்தத் திசையில்? ரோட்டர் பிரேக் போட்டிருந்ததா, சும்மா திரும்பும் நிலையில் இருந்ததா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ரோட்டர் சுதந்திரமாக இருந்திருந்தால் இடி வாங்கித் திரும்பிப் போயிருக்கும். பிடித்து நிறுத்தியிருந்தால், நுனியில் விழுந்த 50 கிலோ விசை 4 மீட்டர் தள்ளியிருக்கும் அடிப்பகுதியை 200 கிலோ-மீட்டர் திருப்பு விசையோடு வளைத்திருக்கும். இடி வாங்கியது நுனி. காயம் அடியில் இருக்கக்கூடும். சொட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் அதைத் தவறவிடுவார். லாக் புக்கையும் அப்போதே எடுத்துப் படிக்க வேண்டும். இந்தப் பிளேடு எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது, இதற்கு முன் என்ன அடி வாங்கியது, ஆயுள் வரம்பு எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் தெரியாமல் ஒரு முடிவும் எடுக்க முடியாது. கணக்கில்லாத பிளேடு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பறக்கத் தகுதியற்றது.

அடுத்து, பிளேடைக் கழற்றி, மெத்தை போட்ட இரண்டு தாங்கிகளில் வைத்து மென்மையான சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். பூச்சிக் கறையும் மசியும் விரிசலை மறைக்கும். கழுவிய பின், மேலே ஒரு டியூப் லைட் எரிய, பிளேடின் ஒரு முனையில் குனிந்து நின்று அதன் நீளவாக்கில் பார்க்க வேண்டும். விளக்கின் பிம்பம் மேற்பரப்பில் ஒரே கோடாக ஓடினால் நல்லது. எங்காவது நெளிந்தாலோ உடைந்தாலோ அங்கே உலோகம் வளைந்திருக்கிறது. கையால் தடவினால் தெரியாத வளைவைக்கூட இந்தப் பிம்பம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பின்விளிம்பை ஒட்டி நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். பிளேடின் முறுக்கு மாறியிருக்கிறதா என்று பல இடங்களில் ரசமட்டம் வைத்து, அடுத்த பிளேடோடு ஒப்பிட வேண்டும். இரண்டு பிளேடுகளையும் ஹப்போடு சேர்த்து, நுனியிலிருந்து நுனிக்கு நூல் கட்டினால் அது நடு மையத்தின் மேல் சரியாகப் போக வேண்டும். விலகினால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது.

இனி அடிப்பகுதி. போல்ட்டுகளைக் கழற்றி ஒவ்வொரு துளையையும் 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்க்க வேண்டும். துளை வட்டமாக இருக்கிறதா, நீண்டிருக்கிறதா? விளிம்பில் கரும்பொடி படிந்திருக்கிறதா? அலுமினியம் அலுமினியத்தோடு நுண்ணிய அளவில் உரசினால் இந்தக் கரும்பொடி வரும். பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. சந்தேகம் இருந்தால் சாயச் சோதனை. அந்த இடத்தின் பெயின்ட்டை நீக்கி, சிவப்புச் சாயத்தைத் தடவி, அது உள்ளே இறங்க நேரம் கொடுத்து, துடைத்துவிட்டு, வெள்ளை மாவுப் படலத்தைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெளியே கசிந்து, வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடாக எழும். இந்தச் சோதனைக்கு முன் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் மென்மையான அலுமினியம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். சாயம் உள்ளே போகாது, விரிசல் இல்லை என்று நாம் ஏமாந்துபோவோம். துளைகளின் உட்சுவருக்குச் சுழல் மின்னோட்டச் சோதனை இன்னும் நம்பகமானது. அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

தகடுகளை ஒட்டிச் செய்த பிளேடுகளுக்கும், ஃபைபர் பிளேடுகளுக்கும் இன்னொரு பழைய சோதனை இருக்கிறது. ஒரு நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதைப் போல்தான். ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் ஓசை கணீரென்று வரும். விட்டுப்போன இடத்தில் பொத்தென்று கேட்கும். அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டால், உள்ளே மறைந்திருக்கும் பிளவின் வரைபடமே கிடைத்துவிடும்.

இத்தனையும் தேறி, காயம் வெறும் முன்விளிம்புச் சொட்டைதான், அதன் ஆழமும் இடமும் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள்தான் என்று உறுதியானால் மட்டுமே சரிசெய்யலாம். சரிசெய்வது என்றால் என்ன? கூரான அடியைக் கொண்ட பள்ளத்தை, அகலமான, ஆழமற்ற, மழமழப்பான சரிவாக மாற்றுவது. கூர்முனைதான் விரிசலுக்கு வித்து. பொடி அரத்தாலும், பிறகு மேலும் மேலும் நைசான உப்புத்தாளாலும் பிளேடின் நீளவாக்கில் மட்டுமே தேய்க்க வேண்டும். குறுக்காகத் தேய்த்தால், இழுவிசைக்குச் செங்குத்தாக நூறு நுண்கீறல்களை நாமே போட்டவர்கள் ஆவோம். தேய்த்து முடித்ததும் அந்த இடத்துக்குச் சுழல் மின்னோட்டச் சோதனை. எவ்வளவு ஆழம் தேய்த்தோம், நுனியிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் என்று லாக் புக்கில் எழுத வேண்டும்.

செய்யக்கூடாதவற்றையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். நம் ஊரில் டிங்கரிங் ஒரு பெரிய கலை. நசுங்கிய கார்க் கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் புதிதுபோல் ஆகிவிடும். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் அதைப் பிளேடின் பக்கம் கொண்டுவரக் கூடாது. வளைந்த அலுமினியத்தைத் தட்டி நிமிர்த்தினால் வடிவம் திரும்பும், வலிமை திரும்பாது. உள்ளே தங்கிவிட்ட அழுத்தம் அடுத்த சில லட்சம் சுற்றுகளில் விரிசலாக வெளிவரும். வெல்டிங் அதைவிட மோசம். இத்தகைய பிளேடுகளுக்கான கலவை வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்றது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். விரிசலின் நுனியில் துளை போட்டு நிறுத்துவது என்ற பட்டறை வழக்கமும் இங்கே செல்லாது. விரிசல் விழுந்த பிளேடு முடிந்துபோன பிளேடு.

பட்டி பார்ப்பதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பிளேடின் அகலவாக்கில் எடையின் மையம், முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ கால்பங்கு தூரத்திலோ அதற்கு முன்னாலோ இருக்க வேண்டும். பின்பகுதியில் பட்டியும் பெயின்ட்டும் ஏறினால் அந்த மையம் பின்னால் நகரும். அப்போது பிளேடு காற்றில் தானாகவே படபடக்கத் தொடங்கலாம். அந்தப் படபடப்பு வளர்ந்தால் ஓட்டுநரால் அடக்க முடியாது. அழகுக்காக அடித்த பெயின்ட் ஒரு ரோட்டரைக் குலைத்துவிடக்கூடும்.

ஃபைபர் பிளேடில் மேல்பூச்சு பெயர்ந்தால் கையேட்டின்படி பூசலாம். இழைகள் அறுந்தாலோ அடுக்குகள் பிரிந்தாலோ தயாரிப்பாளரிடம்தான் அனுப்ப வேண்டும். மரப் பிளேடுகளுக்கு ஈரமே பகை. ஒரு பிளேடு மற்றதைவிடச் சற்று அதிக ஈரத்தை உறிஞ்சினாலே சமநிலை போய்விடும். கடலோரத்தில் வைத்திருக்கும் அலுமினியப் பிளேடுகளை உப்பு அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துவதை வழக்கமாக்க வேண்டும்.

எந்தச் சிறு வேலைக்குப் பிறகும் இரு பிளேடுகளும் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா, எடை சமமா என்று சரிபார்க்க வேண்டும். சுற்றுக்கு இரண்டு முறை வரும் அதிர்வு இரட்டைப் பிளேடு ரோட்டரின் இயல்பு. சுற்றுக்கு ஒருமுறை வருவது, அதாவது நொடிக்கு ஏறத்தாழ ஆறு முறை கம்பை உலுக்குவது, பிளேடுகளுக்குள் ஏதோ வேறுபாடு என்பதன் அறிகுறி. நேற்று வரை இல்லாத அந்த உலுக்கல் இன்று வந்தால் உடனே இறங்கிவிட வேண்டும். ஒரு பிளேடைக் கழித்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்; அவை பிறக்கும்போதே பொருத்தம் பார்க்கப்பட்டவை.

பெரிய ஹெலிகாப்டர்களில் விரிசலைக் கண்டுபிடிக்க ஓர் அருமையான ஏற்பாடு செய்தார்கள். சிக்கோர்ஸ்கி நிறுவனம் பிளேடின் குழல்போன்ற உள்தண்டில் நைட்ரஜனை அழுத்தத்தில் அடைத்து, அடியில் ஒரு காட்டி வைத்தது. விரிசல் விழுந்தால் வாயு கசியும், காட்டியின் நிறம் மாறும். பறப்பதற்கு முன் ஒரு பார்வை போதும். சாதாரண ஜைரோகாப்டரில் அந்தக் காட்டி இல்லை. அதன் இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.

இந்தத் தொழிலின் உண்மையான கடினம் இங்கேதான் வருகிறது. பெரிய விமான நிறுவனத்தில் உரிமையாளர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர், சோதித்துக் கையெழுத்திடுபவர் இன்னொருவர். ஜைரோகாப்டர் வளர்ந்த வழி வேறு. அமெரிக்காவில் ஈகர் பென்சன் 1950களில் தன் ஜைரோகாப்டர்களை வரைபடமாகவும் உதிரிபாகப் பெட்டியாகவும் விற்றார். ஆயிரக்கணக்கானோர் வீட்டிலேயே கட்டிப் பறந்தார்கள். அந்த மரபு அழகானது. ஆனால் அந்த மரபில் வாங்குபவர், கட்டுபவர், சோதிப்பவர், ஓட்டுபவர் எல்லோரும் ஒரே ஆள். புதிய பிளேடு ஜோடி லட்சங்களில் விலை. வெளிநாட்டிலிருந்து வர மாதங்கள் ஆகலாம். அப்போது சொட்டையைப் பார்க்கும் கண்ணுக்கும் பணப்பையைப் பார்க்கும் கண்ணுக்கும் வித்தியாசம் இருக்காது. 'இன்னும் ஒரு சீசன் ஓடும்' என்று மனம் சொல்லும். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மனித இயல்பு அது. அதனால்தான் அதற்கு எதிராக ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

மூன்று வழக்கங்களைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, அடிபட்ட பிளேடைப் பற்றிய முடிவை அதன் உரிமையாளர் தனியாக எடுக்கக் கூடாது. பணத்தில் சம்பந்தமில்லாத இன்னொருவர் பார்த்து, எழுதி, கையெழுத்திட வேண்டும். இரண்டு, ஹேங்கரில் வேலை செய்யும் பையன் வந்து 'அண்ணே, பிளேடு இடிச்சிருச்சு' என்று சொன்னால் அவனைத் திட்டக் கூடாது. அன்றைக்குத் திட்டு வாங்கியவன் அடுத்த முறை சொல்ல மாட்டான். சொல்லாத அடியோடு ஒருவர் பறப்பார். அவனுக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள். மூன்று, கழித்த பிளேடை அன்றே அறுத்துவிடுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் அது ஒருநாள் பெயின்ட் பூசிக்கொண்டு, யாரோ ஓர் அறியாதவரிடம் விலைக்குப் போகும். இரண்டு துண்டான பிளேடை யாராலும் விற்க முடியாது.

மாணவர்களே, நல்ல மெக்கானிக் என்றால் எதையும் ஓட வைத்துவிடுவார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ரோட்டரைப் பொறுத்தவரை அந்தப் பெருமையைக் கொஞ்சம் மாற்றி வையுங்கள். உரிமையாளர் கெஞ்சினாலும், வானிலை நன்றாக இருந்தாலும், பயணிகள் காத்திருந்தாலும், 'இது இனிப் பறக்காது' என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்தான் கைதேர்ந்தவர். அந்தக் கையெழுத்தைப் போடும் துணிவோடு இந்தத் தொழிலுக்கு வாருங்கள்.